ஜெராக்ஸ் அக்காவின் அயிரை மீன்கள்

வீடு பார்க்கப் போன அன்று அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கொசுவுக்கு என்ன வைப்பீங்க?" என்பதுதான். எங்கே வேலை பார்க்கிறோம், வீட்டில் எத்தனை பேர், கறி சமைப்போமா என்று எதுவும் கேட்கவில்லை. சுருள் கொளுத்துவோம் என்றேன்.

"அது கூடாது. கரப்பானுக்கு மருந்து அடிக்கக் கூடாது. பினாயில் ஊத்தித் துடைச்சா அந்தத் தண்ணிய முன்வாசல் பக்கம் கொட்டக் கூடாது. கொசுவலை இருக்கா?"

"இல்லைங்க."

"வாங்கிக்கிடுங்க" என்று மாடிச் சாவியைக் கையில் கொடுத்தார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது இது அவர் கண்ணில் பட்டு, இனிஷியல் தப்பு என்று சிவப்பு மையில் திருத்தி, அதற்கு ஒரு நகலும் எடுத்து அனுப்பி வைப்பார். கோவில்பட்டியில் தாலுகா ஆபீஸ் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அவர் ஜெராக்ஸ் அக்கா. எனக்கும் அக்காதான். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே நுழைந்தால் இடது பக்கம் ஜெராக்ஸ் மெஷின், அதை ஒட்டி லேமினேஷன் மெஷின். வலது பக்கச் சுவர் முழுக்க இரும்பு ஸ்டாண்டில் நான்கு கண்ணாடித் தொட்டிகள். நான் ஒரு தனியார் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். என் வீட்டுக்காரர் தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த மாடியில் நான்கு வருஷம் இருந்தோம்.

தொட்டி என்றதும் ஆரஞ்சு மீனும் பிளாஸ்டிக் செடியும் குமிழி விடும் பொம்மையும் மனதில் வரும். அதெல்லாம் அங்கே கிடையாது. அடியில் கண்மாய் மண். அதன் மேல் காய்ந்த பனை மட்டைத் துண்டு ஒன்றிரண்டு, பாசி. அதற்குள் மண் நிறத்திலேயே விரல்கடை நீள மீன்கள். அயிரை, பொடிக் கெண்டை, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மேலேயே மிதக்கும் மானத்துக்கண்ணி. சும்மா பார்த்தால் தொட்டி காலியாக இருப்பது போலத்தான் தெரியும். பட்டா நகல் எடுக்க வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எல்லாம் செத்துப்போச்சாம்மா?" என்று கேட்பார்கள். "நீங்க பாக்கல" என்பார் அக்கா. அதற்கு மேல் விளக்கம் இருக்காது.

எனக்கு விளக்கம் கிடைக்க ஒரு கோடை ஆனது. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் கண்மாய் என்பது ஐப்பசியில் நிறைந்து சித்திரையில் வற்றிப்போகிற ஒன்று. வற்றும்போது பெரிய மீனை ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பொடி மீன்கள் மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் தேங்கிய தண்ணீரில் கிடந்து துடிக்கும். கொக்குக்குப் போனது போக மிச்சம் சேற்றோடு சேர்ந்து காயும். அந்தச் சமயத்தில் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் பழைய கொசுவலையும் மூடி போட்ட வாளியும் எடுத்துக்கொண்டு போய் அவற்றைக் கொண்டுவருவார். மழை பெய்து கண்மாய் பெருகியதும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். எந்தக் கண்மாயில் எடுத்தாரோ அதே கண்மாயில். அதற்காகத்தான் நான்கு தொட்டி. ஒவ்வொன்றிலும் கண்மாயின் பெயரும், எடுத்த நாளும், எண்ணிக்கையும் எழுதி லேமினேஷன் செய்து ஒட்டியிருக்கும்.

"பெரிய புண்ணியம்க்கா, உசிரக் காப்பாத்துதீங்க" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"காப்பாத்தல. வச்சிருக்கேன். அது வேற."

இந்த "அது வேற" என்ற இரண்டு வார்த்தையை நான் நான்கு வருஷத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல முடியாது. நாம் எதைச் சொன்னாலும், எதையும் எதோடும் ஒப்பிட்டாலும், அவருக்கு அது வேறு. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கெண்டையும் குளத்தூர்ப் பக்கத்துக் கெண்டையும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, ஒரே தொட்டியில் போட்டால் வேலை குறையுமே என்றால், அது வேற. தோராயம் என்ற ஒன்று அவர் வீட்டுக்குள் வரவே முடியாது. ஒரு பக்கம் நகல் கேட்டு வருகிறவரிடம், பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தால்கூட, "இது ரெண்டு பக்கம். ஒரு பக்கம் எடுத்தா அது இந்தப் பத்திரம் இல்ல" என்று நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பார். வந்தவருக்கு பஸ் போய்விடும்.

என் வீட்டுக்காரர் முதல் பொங்கலுக்கு, நல்ல எண்ணத்தில், பாலித்தீன் கவரில் ஒரு ஜோடி ஆரஞ்சு மீன் வாங்கி வந்து அக்கா கையில் கொடுத்தார். அக்கா கவரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க வாங்குனது?"

கடை பெயரைச் சொன்னார்.

"கடைய அடைக்கிறதுக்குள்ள கொடுத்துட்டு வந்துருங்க."

"பிடிக்கலையாக்கா?"

"பிடிக்குது. இது வாங்குன மீனு. என்கிட்ட இருக்கது கொண்டுவந்த மீனு. வாங்குனத எங்க கொண்டு போய் விட முடியும் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் பொங்கல் அன்று வெயிலில் கவரைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நடந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கீழே இறங்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே இறங்கினார்.

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். நகராட்சித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும், சில சமயம் பத்து நாளாகும். வந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறும். போர்த் தண்ணீர் உப்பு. அதில் குளித்தால் தலைமுடி கயிறாகும். இந்தத் தண்ணீரில் நாங்கள் குடும்பம் நடத்த வேண்டும், அக்கா மீன் வளர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரை வாய் திறந்த டிரம்மில் இரண்டு நாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும், அதற்குப் பிறகுதான் தொட்டிக்கு. இதற்காக மொட்டை மாடியில் இரண்டு நீல டிரம் நிற்கும். அவை போதாத நாட்களில் அவர் என் டிரம்மில் கை வைப்பார். கேட்டுவிட்டுத்தான் எடுப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்ததை அப்படியே திருப்பி ஊற்றிவிடுவார். பிரச்சினையே அதில்தான். ஒரு தடவை போர்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். நான் தெரியாமல் அதில் உளுந்து ஊறப்போட்டு மாவாட்டி, இட்லி வாயில் வைக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன்.

"ரெண்டு வாளி எடுத்தேன், ரெண்டு வாளி ஊத்திட்டேன்" என்றார்.

"நீங்க எடுத்தது நல்ல தண்ணி. ஊத்துனது உப்புத் தண்ணி. அது வேறல்லாக்கா."

அக்கா "ஆமா" என்றார். அடுத்த தண்ணீர் நாளில் விடிவதற்கு முன்னால் தூக்க முடியாமல் தூக்கி இரண்டு வாளி குடிதண்ணீரை மாடி ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சண்டையில் நான் ஜெயித்ததாகச் சந்தோஷப்பட்டேன். மறுவாரம் என் டிரம்முக்கும் ஒரு லேமினேஷன் அட்டை தொங்கியது. "நல்ல தண்ணீர். வேறு எதுவும் ஊற்றக் கூடாது." என் டிரம்முக்கு எனக்கே உத்தரவு.

நான் லேபில் வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குக் கிடைத்த இன்னொரு வசதி. ஒரு நாள் சின்ன மருந்து பாட்டிலில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து, "இதக் கொஞ்சம் பாத்துட்டு வாட்டி" என்றார்.

"நாங்க ரத்தமும் மூத்திரமும்தான் பாக்குதோம்க்கா."

"அதுல உப்பு பாப்பியல்லா. இதுலயும் பாரு."

முடியாது என்றால் தினமும் காலையில் படியிறங்கும்போது கேட்பார். ஐந்தாவது நாள் பொறுக்க முடியாமல் கொண்டுபோய் மெஷினில் வைத்தேன். பெயர் கேட்கும் இடத்தில் அந்தத் தொட்டியின் கண்மாய்ப் பெயரான 'ஓட்டப்பிடாரம்' என்று போட்டேன். அந்தத் தாள் மற்ற தாள்களோடு சேர்ந்து டாக்டர் மேசைக்குப் போய்விட்டது. அவர் நர்ஸை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "யாரும்மா இந்த ஆளு? சோடியம் இந்த லட்சணத்துல இருக்கு. உசிரோட இருக்காரா?" என்றார். தொட்டியில் இருக்கிற அத்தனை பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றா சொல்ல முடியும். பாட்டில் மாறிவிட்டது என்று சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அக்காவிடம் தாளைக் கொடுத்தபோது அவர் கவலைப்பட்டதெல்லாம், நான் தேதி போடவில்லை என்பதற்குத்தான்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் மீனுக்குத்தான். கடை ஃபேன்கூட ஓடாது. அயிரைத் தொட்டிக்குக் காற்று அனுப்பும் பம்பு மட்டும் ஓடும். ஒரு தடவை பயிர் இன்சூரன்ஸுக்குக் கடைசி நாள். எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி மஞ்சள் பையோடு வந்து நிற்கிறார், கரண்ட் இல்லை.

"அங்கன பம்பு ஓடுதே தாயி. அந்தக் கரண்டுல எடுத்துக் குடேன்" என்றார்.

"மெஷினப் போட்டா இழுத்துரும் அண்ணாச்சி. பம்பு நின்னுரும்."

"நான் வெள்ளாமை பாழாப் போயி வந்து நிக்கேன். மீனு பெருசாப் போச்சா?"

அக்கா கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெனரேட்டர் வைத்திருக்கிற கடைக்குப் போய், வரிசையில் நின்று நகல் எடுத்து, அதே ஸ்கூட்டரில் அவரை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு வந்தார். அன்று எனக்கு வார விடுமுறை. துணி துவைக்கக் கீழே இறங்கிய நான் ஒன்றரை மணி நேரம் கடையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கரண்ட் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "தொட்டிய எட்டிப் பாத்தியா?" என்றார்.

மூன்றாவது வருஷம் வைகாசியில் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மதுரையில் தங்கை வீடு இருந்தது. அங்கேயே ஆஸ்பத்திரி, அங்கேயே ஓய்வு, மூன்று வாரம் ஆகும். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, மீனை என்னிடம் விட்டார். பின்னும் முன்னுமாக இரண்டு பக்கம் எழுதி லேமினேஷன் செய்த தாள் ஒன்றைக் கொடுத்தார். எந்தத் தொட்டிக்கு எத்தனை சிட்டிகை தீனி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை எத்தனை செம்பு தண்ணீர் மாற்ற வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது. "குழாய்த் தண்ணீரை அன்றைக்கே ஊற்றக் கூடாது."

இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றாவது வாரம் என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கு வந்து நான்கு நாள் தங்கினார்கள். மாடியில் வெயிலில் வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் குளித்துத் தீர்த்துவிட்டுப் போனார்கள். அதே சமயம் நான் ஓட்டப்பிடாரத்து அயிரைத் தொட்டியில் தீனியைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன் போல, தண்ணீர் கலங்கி நாற்றமடித்தது. அன்று காலைதான் குழாயில் தண்ணீர் வந்தது. ஒரே ஒரு வாளி ஊற்றினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஊற்றிவிட்டுப் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது ஒன்பது அயிரை மண்ணின் மேல் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குடிக்கப் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீர் எவர்சில்வர் அண்டாவில் இருந்தது. அதில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். அந்த இருபத்தேழும் பிழைத்துக்கொண்டன. ஒன்பதையும் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

போன் செய்து சொல்லியிருக்கலாம். தையல் பிரிக்காத உடம்போடு படுத்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கோடு போட்ட அந்தக் கடைசி வரியை அவர் வாயால் கேட்க எனக்குத் திராணியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ஒருவர் அலுமினியச் சட்டியில் உயிர் அயிரை வைத்து விற்பார். குழம்புக்கு நல்ல கிராக்கி.

"எத்தன கிலோம்மா?"

"ஒம்பது."

"ஒம்பது கிலோவா?"

"ஒம்பது மீனு அண்ணாச்சி. உசிரோட வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் தொட்டியில் இருந்த அளவுக்கே பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். தொட்டியில் விட்டதும் அவை மண்ணுக்குள் புகுந்துகொண்டன. எண்ணிக்கை சரியாகிவிட்டது. அட்டையில் இருந்தபடி முப்பத்தாறு.

மறுநாள் அக்கா வந்து இறங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியவர், படுக்கைக்குப் போகாமல் நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். தங்கை நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்துருக்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் படியிறங்கும்போது எப்போதாவது, "இதுல சிலது சரியா மண்ணுக்குள்ள போக மாட்டேங்குது, பாத்தியா?" என்பார். "சூடா இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு நான் செருப்பை மாட்டுவேன். இப்போது நினைத்தால் அவர் மேல் வருகிற கோபத்தில் பாதி அந்த ஐந்து மாதத்துக்குத்தான்.

ஐப்பசியில் நல்ல மழை. ஓட்டப்பிடாரம் பக்கம் கண்மாய் பெருகிவிட்டது என்று செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வாளிகளோடு கிளம்பினார். கனம் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் ஓட்ட வேண்டியதாயிற்று. ஒரு வாளி என் காலுக்கு நடுவில், காலி வாளி ஒன்று அவர் மடியில். காலி வாளி எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. கரிசல் மண் டயரில் அப்பி, கடைசி ஒரு மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். அது அவர் பிறந்த ஊர்க் கண்மாய். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் அடையாளம் கண்டு, "ஊருக்குள்ள வரலையாத்தா?" என்றார். "வேலை இங்கனதான்" என்றார் அக்கா.

கரையோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் கப்பில் ஒவ்வொரு அயிரையாக அள்ளி, வெளிச்சத்தில் பார்த்து, கண்மாயில் விட்டார். நான்கைந்து போனது. அடுத்ததை அள்ளிப் பார்த்தவர், கண்மாயில் விடாமல் காலி வாளியில் தண்ணீர் மோந்து அதில் விட்டார்.

"ஏன்க்கா, அதுக்கு என்ன?"

"இது இந்த ஊரு இல்ல."

அவர் பாட்டுக்குப் பார்த்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் நிமிர்ந்து, "எங்க வாங்குன?" என்றார்.

"மார்க்கெட்ல."

"எப்ப?"

"நீங்க வாரதுக்கு மொத நாளு. குழாத்தண்ணிய அப்படியே ஊத்திட்டேன்க்கா. செத்துப்போச்சு." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அழுகையோடு கோபமும் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே அஞ்சு மாசமா ஏன் கேக்கல? ஒரு வார்த்த திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா."

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. செத்தத மறைச்சது கூடப் போகட்டும். யாரு எதுன்னு தெரியாம ஆக்கிட்டியே."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். என்னையறியாமல் எண்ணினேன். பதினொன்று. சரியில்லை என்று திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான். நான் வாங்கிப் போட்டது ஒன்பது. அப்படியானால் இதில் இரண்டு இந்தக் கண்மாய் மீன். ஐந்து மாதம் ஒரே மண்ணில் கிடந்து எல்லாம் ஒரே நிறமாகிப் போனதில் அக்காவுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எந்த இரண்டு என்று தெரியும் வரை பதினொன்றையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவார். கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த ஐப்பசி வரைக்கும் படியிறங்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, இதப் பாரு, அதப் பாரு என்பார். இன்னொரு வருஷம் எனக்குத் தாங்காது. வாயை மூடிக்கொண்டேன்.

"சரிக்கா, இதையும் இங்கனயே விட்டுருவோம். அயிரைதான. இந்தத் தண்ணில பொழைச்சுக்கிடும்."

"பொழைக்கிறது வேற" என்று அவர் வாளியை மூடினார்.

அதற்கடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், அந்த மீன்காரரிடம் அவர் அயிரை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். கம்பம் பள்ளத்தாக்கு, உத்தமபாளையத்துக்குப் பக்கத்து வாய்க்கால் என்றார் அவர். "ஏன்மா, அன்னைக்கு மருந்து கேக்கலையா?" என்று என்னைப் பார்த்து அக்கறையாகக் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை.

அதற்கும் அடுத்த ஞாயிறு, பதினொரு அயிரையைக் கொண்டுபோய் விடுவதற்காக, கோவில்பட்டியிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து தேனி, தேனியிலிருந்து உத்தமபாளையம் என்று மூன்று பஸ் மாறிப் போனோம். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "நீ வர வேண்டாம். நான் தூக்கிட்டுப் போயிக்கிடுதேன்" என்றார். ஆபரேஷன் செய்த உடம்பு. போகாமல் என்ன செய்வது. மதுரை பஸ்ஸில் கண்டக்டர் வாளியைப் பார்த்து, "என்னம்மா இது? லக்கேஜ் போடணும்" என்றார்.

"லக்கேஜ் இல்ல. உசிரு இருக்கு."

"அப்ப ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுங்க. எத்தன பேரு?"

"பதினொண்ணு" என்றார் அக்கா, கேலி என்று புரியாமல். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உத்தமபாளையம் தாண்டி இறங்கி, விசாரித்து விசாரித்து வயல்களுக்கு நடுவில் அந்த வாய்க்காலைக் கண்டுபிடித்தோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்காரர்களான எங்களுக்கு, யாரும் திறந்துவிடாமல், யாரும் குடத்தோடு காத்து நிற்காமல், தன்பாட்டுக்குத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் ஆழத்தில் இறங்கினார். வாளியைக் கவிழ்த்துக் கொட்டவில்லை. வாளித் தண்ணீரில் வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கால் மணி நேரம் வைத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி விட்டார். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விட்டுப் போனதும் அடுத்ததை எடுத்தார். இதில் எந்த இரண்டு அவர் ஊர்க் கண்மாய் மீன் என்று நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியவில்லை.

"இங்கன இருக்கவியளுக்குத் தொட்டி வாங்க வேண்டிய சோலியே இல்ல" என்றார் கரையேறும்போது. குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அன்றைக்கு அவர் சொன்ன ஒரே சாதாரணமான வார்த்தை அதுதான்.

திரும்பும்போது மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காலையிலிருந்து இடது கை வயிற்றை விட்டு அகலவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முகம் கறுத்து, உதடு காய்ந்து போயிருந்தது. ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டியதும் கேட்டார்.

"ஏட்டி, மொத்தம் எத்தன செத்துச்சு?"

ஐந்து மாதமும் இரண்டு வாரமும் கழித்து இப்போதுதான் இதைக் கேட்கிறார். என் வாயில் ஒன்பது என்பது வந்து நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த காலி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுக்கா."

"ம்" என்றார். வாளியைக் குனிந்து சீட்டுக்கு அடியில் தள்ளினார். கால்களை நீட்டிக்கொண்டார். "அஞ்சு மாசம் ஒண்ணாக் கெடந்தாலும் எனக்குத் தெரியும்லா."

"தெரியும்க்கா" என்றேன்.

உசிலம்பட்டி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கனமான தலை. மதுரை வரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.